மின்னூல் சித்தரின் பரிகாரம்

ராமநாதபுரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் உட்கார இடமில்லை. வந்தவர்கள் எல்லாரும் எழுத்தாளர்கள். வாசகர் ஒருவர்கூட இல்லை. அது யாருக்கும் உறுத்தவுமில்லை.

மேடையில் மின்னூல் சித்தர் மாரீஸ்வரன். சாயல்குடிக்காரர். முன்பு விசைப்படகுகளுக்கு எண்கணிதப்படி பெயர் வைத்தவர். மீன்களுக்கு எண்கணிதம் தெரியாததால் அந்தத் தொழில் படுத்துவிட்டது. இப்போது மின்னூலுக்குத் தலைப்பும் வெளியிட முகூர்த்தமும் குறித்துத் தருகிறார். தட்சணை தனி. பரிகாரம் கட்டாயம்: மற்றச் சீடர்களின் மின்னூல்களை டவுன்லோடு செய்து ஐந்து நட்சத்திரம் போட வேண்டும், புகழ்ந்து இரண்டு வரி எழுத வேண்டும். திறக்கக் கூடாது. திறந்தால் பலன் கலைந்துவிடும்.

மூன்றாம் வரிசையில் ஆன்சி. தங்கச்சிமடம். இயற்பியல் முதுகலை, கல்லூரி ஆசிரியை. புவியீர்ப்பை நம்புகிறவள்தான், தன் நாவலை ஒருவரும் படிக்கவில்லை என்றதும் சித்தரையும் நம்பினாள். ஒரே ஒரு ஆள் படித்தால் போதும் என்பதே அவள் ஆசை. சித்தர் குறித்த நேரத்தில் வெளியிட்டாள். டவுன்லோடு எகிறியது. படித்தேன் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. “பலன் மெதுவா வரும் தாயி” என்றார் சித்தர். எந்த மாணவியாவது ஆய்வக நோட்டில் இப்படி எழுதியிருந்தால் ஆன்சியே சிவப்பு மையால் அடித்திருப்பாள்.

பக்கத்தில் அவளுடைய கல்லூரித் தோழி, கீழக்கரை நஃபீசா. போன மாதம் அவளும் சித்தரிடம் சேர்ந்திருந்தாள்.

சித்தர் அறிவித்தார்: “இந்த மாசம் மொதலிடம், நஃபீசாவோட ‘ஆழியின் அழுகை’. எல்லாம் நான் குறிச்ச நேரம்.”

நஃபீசா மேடையேறி மைக்கை வாங்கினாள். போனைப் பார்த்து வாசித்தாள். “வாசகர் கருத்து. ‘கடைசி அத்தியாயத்தில் கதறிவிட்டேன்.’ அடுத்தது, ‘ஆழமான நடை. நெஞ்சைப் பிழிந்தது.’ எழுதினது ஆன்சி.”

ஆன்சி கைப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கினாள்.

“இப்ப புத்தகம். ‘மீனை நன்றாகக் கழுவி, புளியைக் கரைத்து ஊற்றவும்.’ எங்க வீட்டு மீன் ஆணம், அதாங்க மீன் குழம்பு. எல்லாப் பக்கத்துலயும் இதேதான். இதுல எங்கன கதறுனீங்க?”



சித்தர் அசரவில்லை. “டவுன்லோடு ஆச்சா இல்லையா?”

“ஆச்சுங்க. செஞ்சவங்க கை தூக்குங்க.”

மண்டபமே கை தூக்கியது.

“தொறந்து பாக்காதவங்க கையக் கீழ விட்ருங்க.”

ஒரு கைகூட மிஞ்சவில்லை.

“இம்புட்டுத்தான் சித்து. இவங்களுதை நீங்க எடுக்குறீங்க, உங்களுதை இவங்க எடுக்குறாங்க. நடுவுல இவருக்குத் தட்சணை.”

கவிஞர் பாண்டித்துரை எழுந்தார். “அப்ப என் கவிதைய யாருமே படிக்கலையாய்யா?”

“நீரு யாரோடதப் படிச்சீரு?” என்றது பின்வரிசை.

சித்தர் பின்வாசல் வழியாகப் புறப்பட்டார். அதற்கு முகூர்த்தம் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் ஆன்சி மெல்லக் கேட்டாள். “என் நாவல நீயாச்சும் படிச்சியா?”

“மூணாம் அத்தியாயம் வரைக்கும். அங்கன தூங்கிட்டேன்.”

ஆன்சிக்குக் கண் கலங்கியது. சந்தோஷத்தில்தான். ஒரு ஆள் படித்திருக்கிறாள்.

“அந்த அத்தியாயத்த வெட்டுடீ. மொத அத்தியாயம் நல்லாருக்கு, அத இலவசமா விடு. முடியிற எடத்துல, மிச்சம் எங்க கெடைக்கும்னு ஒரு வரி போடு. பிடிச்சவங்க தேடி வருவாங்க.”

“சரி. எப்ப விடுறது? நல்ல நேரம்…”

நஃபீசா அவளை முறைத்தாள்.

“சனங்க முழிச்சிருக்கிற நேரமாப் பாத்து விடு. அதுக்கு மொதல்ல நீ முழி.”