பனியாறு டீச்சரின் மஞ்சள் கோடு

இமயமலையில் பனி உருகுகிறதே என்று திருவண்ணாமலை வெயிலில் உட்கார்ந்து சோறு இறங்காமல் தவித்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். வேங்கிக்கால் பக்கம் நான் வேலை பார்த்த பள்ளியின் பூகோள டீச்சர். பிள்ளைகள் வைத்த பெயர் பனியாறு டீச்சர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் சேர்ந்த முதல் வாரம், ஆசிரியர் அறையில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். என்ன விஷயம் என்று கேட்டேன்.

“அவரு வருஷா வருஷம் இளைச்சிக்கினே போறாருங்க ஐயா. இப்ப மூக்கு இருந்த எடமே தெரியல.”

எனக்குப் பகீரென்றது. கணவரைச் சொல்கிறார் என்று நினைத்து, வேலூரில் நல்ல டாக்டர்கள் இருப்பதாக ஆறுதல் சொன்னேன். அன்று மதியம், மறந்துபோன குடையைக் கொடுக்க அவர் கணவர் வந்தார். மூக்கும் இருந்தது, தொப்பையும் இருந்தது. இளைத்தவர் இமயமலையில் இருக்கும் ஒரு பனியாறு என்று மறுநாள்தான் விளங்கியது. பனிக்கட்டியே ஆறு மாதிரி மெல்ல நகருமாம். அதன் கீழ்நுனிக்குத்தான் மூக்கு என்று பெயராம். எனக்கு இன்னும் குழப்பமானது.

கம்ப்யூட்டர் லேப் சாவி அப்போது என்னிடம் இருந்தது. கம்ப்யூட்டர் சார் வேலையை விட்டுப் போன அன்று எதிரில் வந்தவன் என்பதைத் தவிர, தமிழாசிரியனான எனக்கு வேறு தகுதி கிடையாது. வாரம் ஒரு பாடவேளை டீச்சர் ஒன்பதாம் வகுப்பை அங்கே கூட்டி வருவார். திரையில் பூமி உருண்டை சுற்றும். மவுஸை உருட்டினால் வானத்திலிருந்து விழுவது போல எந்த ஊரிலும் இறங்கலாம். ஓரத்தில் ஒரு பட்டையை இழுத்தால் அதே இடத்தின் பழைய படங்கள் வரும். டீச்சர் இமயமலைக்குப் போகச் சொன்னால் மொத்த வகுப்பும் அவரவர் வீட்டு மொட்டைமாடியில் போய் இறங்கியது.

“டீச்சர், எங்க மாடு காணும்.”

“படம் எடுத்த அன்னிக்கு மேய போயிருக்கும். வா, மலைக்குப் போலாம்.”

அந்த மாட்டைத் தேடியே ஒரு பாடவேளை போனது. ஜன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்ட தலைமையாசிரியர் உள்ளே வந்தார்.

“பத்தாவதுக்கு ஸ்பெஷல் கிளாஸ் வெக்க எடமில்ல. வெள்ளிக்கிழமை வந்து பாக்கறேன். உருப்படியா இருந்தா நீங்க வெச்சிக்கோங்க. இல்லன்னா லேப் பத்தாவதுக்கு.”

வெள்ளிக்கிழமை டீச்சர் தயாராக இருந்தார். பழைய படத்தில் பனியாற்றின் மூக்கு நின்ற இடத்தில் மஞ்சள் கோடு போட்டிருந்தார். “இப்ப புதுப் படத்துக்கு இழுங்க சார். மூக்கு எவ்ளோ மேல போயிருக்குன்னு பாருங்க.”

தலைமையாசிரியர் இழுத்தார். பனி மேலே போகவில்லை. மஞ்சள் கோட்டைத் தாண்டி, பள்ளத்தாக்கை மூடி, திரை முழுக்க வெள்ளையாகிவிட்டது.

“என்னம்மா, ஜாஸ்தியாயிருக்கே?”

பிள்ளைகள் டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

எதையாவது சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன். “எனக்கும் புரியலைங்க சார்” என்றார். பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு ஆசிரியர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. தலைமையாசிரியர் சாவிக்காக என்னிடம் கையை நீட்டினார். பதற்றத்தில் எனக்குத் தெரிந்த ஒரே பனி வாயில் வந்தது.

“டீச்சர், நாங்க இலக்கணத்துல பருவத்த முன்பனி, பின்பனின்னு பிரிப்போம். இந்தப் படம் எந்தப் பனியில எடுத்ததுங்க?”

நீயுமா என்பது போல தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். டீச்சர் திரைமேல் குனிந்தார். “சுமதி, ரெண்டு படத்து தேதியும் படி.”

முன்வரிசைச் சுமதி படித்தாள். நம் தமிழ் மாதக் கணக்கில் பழையது புரட்டாசி. புதியது மாசி. குளிர்காலத்தில் புதிதாக விழுந்த பனி மலையையே மூடியிருந்தது. பனியாறு அதற்கடியில் எங்கோ கிடந்தது.

“தப்பு என்னுதுங்க சார். ஒரே மாசத்து படமா பாத்திருக்கணும்” என்று டீச்சர் சமீபத்திய புரட்டாசிப் படம் ஒன்றைத் தேடி எடுத்தார். வெள்ளை விலகியது. கோட்டுக்கு மேலே வெறும் கல். அதற்கும் மேலே, வெகுதூரத்தில், அழுக்கு நிறத்தில் அந்த மூக்கு. தலைமையாசிரியரே மவுஸைக் கோட்டிலிருந்து மூக்குவரை நகர்த்திப் பார்த்தார்.

“இது எவ்ளோ தூரம்மா?”

“ஒரு கிலோமீட்டருக்கு மேல சார். நம்ம பஸ் ஸ்டாண்டுலருந்து கோயில் வாசல் வரைக்கும் வரும் சார்.”

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “இன்னொரு வாட்டி காட்டுங்க” என்றார். சாவியைக் கேட்கவே இல்லை.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் டீச்சரிடம், லேப் தப்பித்துவிட்டது என்றேன். அவர் முகம் தெளியவில்லை.

“அந்த மாசிப் படத்த பாத்ததும் ஒரு நிமிஷம், அவரு பொழச்சிட்டாருன்னு நெனச்சேங்க ஐயா. லேப் போனா போவட்டும்னு கூட இருந்துது. இப்ப சந்தோஷப்படறதா என்னான்னு தெரியல.”

என்னுடைய கீழ்பென்னாத்தூர் பஸ் வந்தது. பாதி சீட் காலி. கூட்டம் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டு, அவருடைய பஸ் வரும்வரை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.