பம்ளிமாஸ் அண்ணாச்சியும் என் பிரஷர் மாத்திரையும்

திருநெல்வேலிச் சீமையில் டாக்டர் வீட்டு வாசலை மிதிக்காமல் ஐம்பத்தேழு வயதைத் தொட்ட ஒரே மனிதர் எங்கள் ஆபீஸ் பம்ளிமாஸ் அண்ணாச்சிதான். இதை அவரே சொல்லுவார். தினமும் சொல்லுவார். அடுத்த நாற்காலிக்காரன் என்பதால் நான் கேட்டாக வேண்டும்.

காலை பதினோரு மணிக்கு மற்ற ஆபீஸ்களில் டீ வரும். எங்கள் ஆபீஸில் அண்ணாச்சியின் பைக்குள்ளிருந்து பம்ளிமாஸ் வரும். அம்பாசமுத்திரத்தில் அவர் மாமனார் தோட்டத்துப் பழம். ஒவ்வொன்றும் தேங்காய் பெரிசு. தடித்த தோலைக் கத்தியால் கீறி, இளஞ்சிவப்புச் சுளைகளை எடுத்து வைத்துக்கொண்டே பிரசங்கம் தொடங்குவார்.

"வைட்டமின் சி, நார்ச்சத்து, நீர்ச்சத்து அம்புட்டும் இதுல இருக்குவே. நாலு சுளை தின்னா வயிறு நெறைஞ்சிரும். வடை பக்கம் கையே போவாது."

ஆபீசர் முதல் டைப்பிஸ்ட் வரை அவர் மேஜையைச் சுற்றி நிற்பார்கள். என் மேஜையில் நான் வாங்கி வைத்த உளுந்தவடை சீந்துவாரின்றி ஆறிக்கொண்டிருக்கும்.

எனக்கு ஐம்பத்தொன்று. நரை, தொப்பை, பிரஷர் எல்லாம் உண்டு. அவருக்கு ஒரு முடி நரைக்கவில்லை. சாயம் என்று கண்டுபிடிக்க ஒரு மாதம் அவர் காதோரத்தையே உற்றுப் பார்த்தேன். "என்னவே, என் காதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டுவிட்டார். ஆயுத பூஜைக்கு ஆபீஸுக்கு வந்த என் மனைவி அவரைப் பார்த்துவிட்டு, "ஒங்களவிட மூப்பாம்லா? பாத்தா ஒங்க தம்பி மாதிரி இருக்காவ" என்றாள்.

அன்றே வீட்டிலும் ஆபீஸிலும் அறிவித்தேன்: "அது மாடு திங்குத பழம். நான் தொடவே மாட்டேன்."

மறுநாள் மார்க்கெட்டில் ஒரு பை நிறைய பம்ளிமாஸ் வாங்கினேன். தினமும் சாயங்காலம் எல்லோரும் கிளம்பியதும், பழைய ஃபைல்கள் கிடக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தின்பேன். அவர் நாலு சுளை. நான் முழுப் பழம். பத்தாம் நாள் தின்றுவிட்டு எழுந்தேன். அலமாரிகள் சுற்றின.

கண் விழித்தபோது என் தலை அண்ணாச்சி மடியில் இருந்தது. மறந்த குடையை எடுக்க வந்தாராம். சுற்றிலும் பம்ளிமாஸ் தோல். அவர் என்னை ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனார்.

"நல்ல பழந்தான்" என்றார் டாக்டர். "ஆனா நீங்க போடுத பிரஷர் மாத்திரைக்கு ஆகாது. மாத்திரையோட வேகத்தக் கூட்டிரும். பிரஷர் ஒரேயடியா எறங்கிரும்."

பதறி ஓடிவந்த என் மனைவி, "தொடவே மாட்டேன்னாவளே, யாரு குடுத்தா?" என்றாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"நாந்தான் தாயி" என்றார் அண்ணாச்சி. "வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னாரு. நாந்தான் வம்படியாத் திங்க வச்சேன்."

கால் மணி நேரம் அவளிடம் தலை குனிந்து ஏச்சு வாங்கினார். நான் பண்ணிய தப்புக்கு ஏச்சு வாங்குவதில்கூட என்னை முந்திவிட்டாரே என்று அப்போதும் எனக்குப் பொறாமைதான்.

அதன்பின் யாருக்குச் சுளை நீட்டினாலும், "மாத்திரை ஏதும் போடுதியளா? டாக்டர்ட்ட கேட்டுட்டு வாங்க" என்கிறார். எனக்கு மட்டும் தனியாக ஒரு கொய்யாப்பழம். "டாக்டர்ட்ட போயி கேட்டுட்டேன். இது ஒமக்கு ஒண்ணும் செய்யாது, பயப்படாமத் தின்னும்."

முதல் கொய்யாவைத் தின்ற அன்று ராத்திரி மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் என்னை ஏசி முடிக்கும்வரை காத்திருந்து, நாளைக்குத் தேங்காய்ப்பால் சொதி வைத்து ஆபீஸுக்கு இரண்டு பேர் சாப்பாடு கட்டச் சொன்னேன்.