எக்ஸ்போர்ட் பீஸ் ரெக்கார்டரும் கவிதாவின் பாட்டும்

குறை கண்டுபிடிப்பதற்காகவே எனக்குச் சம்பளம் தருகிறார்கள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். ஒரு தையல் கோணலா, ஒரு துளி பசை பிதுங்கியிருக்கிறதா, இடது காலுக்கும் வலது காலுக்கும் நிறத்தில் இம்மி வித்தியாசமா, எல்லாம் என் கண்ணில் பட்டுவிடும். என்னால் அழுத தையல்காரப் பெண்கள் எத்தனையோ பேர். (இதில் பெருமை வேறு எனக்கு.) அப்படிப்பட்ட நான், வாழ்க்கையில் ஒரே ஒரு ரிஜெக்ட் பீஸை நானே தேடிப் போய் வாங்கி, துண்டில் சுற்றி, மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

அது ஒரு டிவிடி ரெக்கார்டர். டிவியில் வருவதை டிஸ்க்கில் பதிந்து வைத்துக்கொள்ளும் பெட்டி. இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால், எதற்கு அதெல்லாம் என்பார்கள். அப்போது டிவியில் ஒருமுறை வந்து போனால் போனதுதான். கையில் பிடித்து வைக்க எங்கள் வீட்டில் வேறு வழி கிடையாது.

அதை வாங்கக் காரணம் என் மனைவி கவிதா. குடும்பத் தலைவிகளுக்கான ஒரு பாட்டுப் போட்டிக்கு யாருக்கும் சொல்லாமல் எழுதிப்போட்டு, தேர்வும் ஆகிவிட்டாள். படப்பிடிப்பு சென்னையில். எனக்கு அன்றைக்கு ஷிப்மென்ட். (ஷிப்மென்ட் இல்லாவிட்டாலும் போயிருப்பேனா என்று கேட்காதீர்கள்.) அவள் தம்பிதான் கூட்டிக்கொண்டு போனான். அடுத்த சுற்றுக்குத் தேர்வாகவில்லை, ஆனால் நடுவர் எழுந்து நின்று கை தட்டினாராம்.

"எப்டி பாடின?" என்று கேட்டேன்.

"தெரீலங்க. பயத்துல காது ரெண்டும் அடச்சிகிச்சி. என் குரலே எனக்குக் கேக்கல. டிவில வந்தாதான் நானே கேக்கணும்."

ஒளிபரப்பு ஆவணி முதல் ஞாயிறு, சாயந்திரம் ஐந்து மணி. ஒரே ஒரு முறை. அதே ஞாயிறு அதே சாயந்திரம் குடியாத்தத்தில் என் பெரியம்மா பேத்திக்கு மஞ்சள் நீராட்டு. ஆடியில் விசேஷம் வைக்க முடியாமல் ஊரே காத்திருந்ததால் முதல் ஞாயிறையே பிடித்துவிட்டார்கள்.

"நான் வரல, நீங்க போய்ட்டு வாங்களேன்" என்றாள் கவிதா.

என் அம்மா விடவில்லை. "மருமவ எங்கன்னு நாலு பேர் கேட்டா நான் இன்னாடா சொல்றது? டிவி பாக்க வூட்லயே குந்திகினு கீறாள்னு சொல்லவா?"

இரண்டு பேருக்கும் நடுவில் நின்ற ஆண்பிள்ளை என்ன செய்வான்? கடைக்கு ஓடினான். "ரெக்கார்ட் பண்ணிடலாம் கவி. ஒரு தடவ இன்னா, ஆயிரம் தடவ கேளு" என்றேன். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. என்னை நம்பினாள், பாவி மகள்.

நல்ல கம்பெனி ரெக்கார்டரின் விலையைக் கேட்டதுமே கடையை விட்டு இறங்கிவிட்டேன். எங்கள் ஊருக்கு ஒரு வியாதி உண்டு. வெளிநாட்டுக்குப் போக வேண்டிய ஷூவில் சின்னக் கீறல் விழுந்தால் அது பைபாஸ் ரோட்டுக் கடைகளுக்கு வந்துவிடும். அதைத் தேடிப் பிடித்து வாங்குவோம். வெள்ளைக்காரனுக்குச் செய்தது, தரம் ஜாஸ்தி, விலை கம்மி. செருப்பில் சரியாக இருந்த இந்த ஞானத்தை நான் மின்சாரச் சாமானுக்கும் நீட்டினேன். அதே பைபாஸில் ஒரு கடைக்காரர், பெயர் சொன்னால் எவனுக்கும் தெரியாத கம்பெனிப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார்.

"சார், இது இந்தியாவுக்குப் பண்ணதே இல்ல. அசல் எக்ஸ்போர்ட் பீஸ். ஓரமா ஒரு கீறல், அதான் இங்க வந்துச்சி."

கீறலைத் தடவிப் பார்த்தேன். மனசு குளிர்ந்துவிட்டது. வேறு எதையும் கேட்கவில்லை.

வீட்டில் செக்கிங் செய்தேனா? செய்யாமல் விடுவேனா! அது ஆடி கடைசி வாரம். எங்கள் தெரு அம்மன் கோயில் ஒலிபெருக்கியை சரியாக எங்கள் வாசல் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். விடிந்ததிலிருந்து அடங்கும்வரை ஜன்னல் கம்பி அதிரும். மனைவி சோறு வேண்டுமா என்று சைகையில் கேட்பாள், நான் சைகையில் தலையாட்டுவேன். டிவி என்ன பேசுகிறது என்று கேட்க முடியாமல் தெருவே படம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த வாரம். அந்த வாரத்தில்தான் நான் ஒரு கிரிக்கெட் ஆட்டத்தைப் பத்து நிமிடம் பதிந்து, திரும்பப் போட்டுப் பார்த்தேன். நிறம் சரி. ஓரம் சரி. கோடு இல்லை, புள்ளி இல்லை. கம்பெனியிலிருந்து கொண்டு வந்த பச்சை ஓகே ஸ்டிக்கர் ஒன்றைப் பெட்டியின் நெற்றியில் ஒட்டினேன்.

ஞாயிறு நேரத்தைச் செட் பண்ணிவிட்டு குடியாத்தம் போனோம். அங்கே ஹாலிலேயே பெரிய டிவி. பிள்ளைகள் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது கவிதா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் கண்ணாலேயே வேண்டாம் என்றேன். விசேஷ வீட்டில் போய் சேனலை மாற்றச் சொன்னால் நன்றாகவா இருக்கும்? வீட்டில்தான் மெஷின் பார்த்துக்கொண்டிருக்கிறதே! அவள் தட்டு வரிசையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஏழரைக்கு வீடு திரும்பினோம். எதிர் வீட்டு மேரி அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "அடியே கவிதா, இன்னா பாட்டுடி அது! எனக்கு அழுகயே வந்துடுச்சி. தெருவே கேட்டுச்சி." இன்னொரு தரம் கேட்க அவரும் கூடவே வந்தார். கவிதா முகம் கழுவி, பொட்டு வைத்து, டிவி முன்னால் தரையில் உட்கார்ந்தாள். தன்னைப் பார்க்க ஒருத்தி பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பொத்தானை அழுத்தினேன். படம் வந்தது. கரண்ட் போகவில்லை, நேரம் தப்பவில்லை, கண்ணாடி மாதிரி படம். நான் மீசையைத் தடவிக்கொண்டேன். தொகுப்பாளினி வாயை அசைத்தாள். சத்தம் இல்லை. வால்யூமைக் கூட்டினேன். உஸ்ஸ்ஸ் என்று இரைச்சல். முழுசாக வைத்தேன். இன்னும் பெரிய உஸ்ஸ்ஸ்.

"மொதல்ல அப்டித்தான் இருக்கும். பாட்டு வந்தா சத்தம் வந்துரும்" என்றேன். (இந்த அறிவை எங்கிருந்து பெற்றேன் என்று எனக்கே தெரியாது.)

கவிதா மேடைக்கு வந்தாள். மைக்கைப் பிடித்தாள். வாயைத் திறந்தாள். உஸ்ஸ்ஸ். சரணத்தில் கண்ணை மூடிக்கொண்டாள், கழுத்து நரம்பு புடைத்தது, ஏதோ ஓர் உயரத்துக்குப் போய்த் திரும்பினாள். நடுவர் எழுந்து நின்றார். எதற்கு எழுந்தார் என்று எங்களில் மேரி அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

"பொடவ நல்லா கீது" என்றாள் என் அம்மா.

அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் நான். "கவி, ஒண்ணு பண்ணலாம். படத்த போட்டுட்டு நீ கூடவே பாடேன். சரியா போயிடும்" என்றேன். யோசனை சொல்கிறேனாம், யோசனை! மேரி அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போனார். கவிதா திட்டவில்லை. பொட்டைக்கூடத் துடைக்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"அந்த வூட்ல டிவி இருந்திச்சிங்க. ஹால்லயே இருந்திச்சி."

மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டிவி மெக்கானிக் சலீம் பாயிடம் ஓடினேன். திறந்து பார்த்துச் சிரித்தார். "பாபு, இது வேற நாட்டுக்குப் பண்ணது. அங்க சத்தம் அனுப்புற வழி வேற, நம்மூர்ல வேற. படம் ரெண்டுக்கும் ஒண்ணு, அதனால வந்துச்சி. சத்தத்த இது புடிக்கவே இல்ல. டிஸ்க்ல இருந்தாதான எடுக்கறது? வாங்குனதும் செக் பண்லியா நீ?" அவர் கண் பச்சை ஸ்டிக்கரில் நின்றது. நான் ஆடி மாதத்தைக் குறை சொன்னேன்.

அங்கிருந்து பைபாஸ் கடை. கடைக்காரர் நிதானமாகக் கேட்டார்: "எக்ஸ்போர்ட் பீஸ்தான கேட்டீங்க? எக்ஸ்போர்ட் பீஸ்தான குட்த்தேன்? படம் வருதா இல்லியா?"

"சத்தம் வரலய்யா!"

"பாட்டு கேக்கறதுனா ரேடியோ வாங்கியிருக்கலாமே சார்."

அடிக்கக் கை ஓங்கினேன். பக்கத்துக் கடைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அடிக்க வேண்டிய ஆள் அவன் இல்லை என்று எனக்கும் தெரியும். சென்னைக்கு சேனல் அலுவலகம்வரை போனேன். வரவேற்பில் இருந்த பெண் பரிதாபப்பட்டு உள்ளே கேட்டுவிட்டு வந்து, பழைய டேப்புகள் மேலேயே புதுசைப் பதிந்துவிடுவோம் சார், அது போயிருக்கும் என்றாள்.

இதையெல்லாம் கவிதாவிடம் சொன்னபோது கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "சரி, உடுங்க" என்றாள். முன்பெல்லாம் அடுப்பங்கரையில் பாடிக்கொண்டே சமைப்பாள். செய்தி நேரத்தில் நான், கொஞ்சம் கம்மி பண்ணு கவி என்று கத்துவேன். அதற்கப்புறம் நான் கத்த வேண்டிய தேவையே வரவில்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன. எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷமானாலும் சாப்பாட்டுக்குப் பிறகு யாராவது ஆரம்பிப்பார்கள். போன தை மாதம் மச்சான் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவிலும் அதேதான். "அண்ணி, ஒரு பாட்டு பாடுங்க."

கவிதா முகத்தில் ஒன்றும் இல்லாமல் சொன்னாள்: "என் பாட்டு எங்க வூட்ல கீது. வந்து பாத்துட்டுப் போங்க."

வீடே குலுங்கிச் சிரித்தது. ஒருவன் என் முதுகில் தட்டினான். நானும் சிரித்தேன், எல்லோரையும்விடச் சத்தமாக. சிரிக்காமல் இருக்கிற ஒரே ஆள் எப்போதும் அவள்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரெக்கார்டர் வாங்கியபோது அவள் கைக்குழந்தை. இப்போது காலேஜ்.

"அப்பா, அம்மா நெஜமாவே நல்லா பாடுவாங்களா?"

"பின்ன? நடுவரே எழுந்து நின்னாரு."

"அந்தப் பாட்ட நீ கேட்டியாப்பா?"

முன் சீட்டில் கவிதா ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தாள்.

"எதிர் வூட்டு மேரி அக்கா கேட்டாங்க" என்றேன்.