நான் எழுந்து போன மேசை

இன வேறுபாடு கூடாது என்று என் வாழ்நாளில் நான் உருக்கமாகப் பேசியது ஒரே ஒரு முறைதான். அன்று அந்த மண்டபத்தில் இருந்தவர்களிலேயே பெரிய இனவெறியன் நான்தான். (மற்றவர்களுக்கும் கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆனால் அவர்கள் கையில் மைக் இல்லை.)

எண்பதுகளின் நடுப்பகுதி. பினாங்கின் டத்தோ கிராமாட் பகுதியில் ஒரு சமூக மண்டபம். இன நல்லிணக்கக் கலந்துரையாடலில் என்னைப் பேச அழைத்திருந்தார்கள். அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுத்தர், மூன்று மொழி சரளம், விடுவேனா? இரண்டு வாரம் கண்ணாடி முன் ஒத்திகை.

நல்லிணக்கத்துக்காக எங்களை இனவாரியாக உட்கார வைத்தார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர், பிறகு 'லாயின்-லாயின்', அதாவது மற்றவர்கள் என்று நான்கு மேசைகள். என்னையும் மனைவியையும் இந்தியர் மேசைக்கு அனுப்பினார்கள். அங்கே சுங்கை பினாங் அடுக்குமாடியிலிருந்து வந்த வேலுவும், அவருடைய தொழிற்சாலை நண்பர்கள் இருவரும் இருந்தார்கள்.

வேலுவுக்கு என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வாங்க சார்! ஒரு மேசைக்கு அஞ்சு பேரு இருந்தாதான் கோரிக்கை வைக்க முடியுமாம். எங்க ஆளுங்களுக்கெல்லாம் ஷிப்ட் லா. நீங்க ரெண்டு பேரும் வந்ததுல கணக்கு சரியாப் போச்சு."

"என்ன கோரிக்கை?"

"பின்னால ஒரு ரூம் சும்மா கெடக்கு சார். பிள்ளைங்க டியூஷனுக்குக் கேக்கணும். என் மூத்தவளுக்கு இந்த வருசம் பரீட்சை. வீட்ல ஏழு பேரு, எங்க உக்காந்து படிப்பா?"

நான் தலையாட்டினேன். ஆனால் என் கண் மேசைமேல் இருந்த 'இந்தியர்' என்ற அட்டையிலேயே இருந்தது. நாங்கள் யாழ்ப்பாணத்தார். என் அப்பா ரயில்வே கிளார்க்காக, சட்டைப்பையில் பேனாவோடு கப்பல் இறங்கியவர். அந்தப் பேனாவை வைத்தே, இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த தமிழரிடமிருந்து எங்களைப் பிரித்து இரண்டு தலைமுறையாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தோம்.

எழுந்தேன். கூட்டத் தலைவரான மலாய்க்காரப் பெரியவரிடம் சிலோன்காரர் வேறு, இந்தியர் வேறு என்று சரித்திரம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு லாயின்-லாயின் மேசையைக் காட்டினார்.

"சார், நீங்க போயிட்டா நாலு பேருதான்…" என்றார் வேலு.

"யாராவது வருவார்கள்" என்றேன். மனைவியைக் கண்ணால் கூப்பிட்டேன்.

"நீங்கள் போங்கோ. நான் தமிழிலைதான் கதைக்கிறனான், இஞ்சையே இருக்கிறன்" என்றாள் அவள், அசையாமல்.

மற்றவர்கள் மேசையில் ஒரு சயாமிய அம்மாளும், ஐரோப்பியக் கலப்பு வழிவந்த ஒரு செரானிக் கிழவரும் இருந்தார்கள். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பரிதாபப்பட்டு ஒரு கூவே பலகாரம் கொடுத்தார்.

பிறகு மைக் என்னிடம் வந்தது. குரல் தழுதழுக்க, "வேற்றுமைகளை மறந்து நாம் எல்லோரும் ஒரே மேசையில் அமர வேண்டும்" என்று மலாயில் முழங்கினேன்.

"எந்த மேசை?" என்று உரக்கக் கேட்டார் செரானிக் கிழவர்.

மண்டபமே சிரித்தது. சிரிக்காதவர்கள் இரண்டே பேர்: வேலுவும் என் மனைவியும்.

ஐந்தாவது ஆள் வரவில்லை. கோரிக்கை கேட்டு வந்தவர்கள் இந்தியர் மேசையைத் தாண்டிப் போய்விட்டார்கள். சீனர் மேசை கேட்ட பிங்பாங்குக்கு அந்த அறை போனது. அவர்கள்மேல் தப்பில்லை, அவர்களில் யாரும் எழுந்து போகவில்லை.

மறுநாள் மனைவி கணக்குப் புத்தகம் ஒன்றை என் கையில் திணித்து, சுங்கை பினாங்குக்குத் துரத்தினாள். வேலு வீட்டு வாசலில் நின்று, சனிக்கிழமைதோறும் வந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன் என்றேன்.

"எந்த இனமா வருவீங்க சார்?" என்று கேட்டார் வேலு.

கணக்குப் புத்தகத்தை நீட்டினேன். அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஒன்பது ஆண்டுகள் போனேன். அவருடைய மூத்த மகள் சாந்திக்குத்தான் நான் பிந்திவிட்டேன். நான் தொடங்கியபோது பரீட்சைக்கு ஆறே வாரம் இருந்தது. கணக்கில் தவறினாள்; அப்பாவின் தொழிற்சாலையிலேயே வேலைக்குச் சேர்ந்தாள்.

இரண்டு குடும்பமும் இன்று ஒன்றுக்குள் ஒன்று. எந்தக் கல்யாண விருந்திலும் நான் பேச எழுந்தால், "முதல்லை எந்த மேசை எண்டு சொல்லுங்கோ!" என்று மனைவி குரல் கொடுப்பாள். கூடமே அதிரும். எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரிப்பவள் சாந்தி. நானும் சிரிப்பேன், அவள் பக்கம் மட்டும் திரும்பாமல்.