தூரச் சீரமைப்புக் குழுவும் என் மூச்சும்

உலக வரலாற்றில் தூரத்தைக் குறைத்தவர்கள் மூன்றே பேர்: சக்கரத்தைக் கண்டுபிடித்தவர், விமானத்தைக் கண்டுபிடித்தவர், அடியேன். முதல் இருவரும் பாவம், மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நான் நான்கு பக்கத்தில் ஓர் அறிக்கை எழுதினேன், அவ்வளவுதான்.

குதிரைப் பந்தய மைதானத்தில் நான் வர்ணனையாளன். மாடியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்தக் குதிரை முந்துகிறது என்று ஒலிபெருக்கியில் முழங்குபவன். சென்ற ஆண்டு 3200 மீட்டர் கோப்பைப் பந்தயத்தின் கடைசி வளைவில் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. முடிவை அறிவிக்க வேண்டிய நேரத்தில் மைதானம் முழுக்க என் இருமல்தான் கேட்டது. வென்றது என் அக்கா பயிற்சி கொடுக்கும் ‘நிதானம்’. இரண்டாயிரம் மீட்டர் தாண்டினால்தான் அதற்குச் சூடு பிடிக்கும். அப்புறம் யாராலும் பிடிக்க முடியாது.

சிகரெட்டைக் குறையுங்கள் என்றார் என் டாக்டர். பந்தயத்தைக் குறைப்பது அதைவிடச் சுலபமாகத் தெரிந்தது.

‘இன்றைய குதிரைகளின் மூச்சுத்திறன் வீழ்ச்சி: ஒரு கவலை’ என்ற என் அறிக்கையைத் தூரச் சீரமைப்புக் குழு நான்கு மணி நேரம் விவாதித்தது. முடிவில் பந்தயத்தை 1200 மீட்டராக்கி, பொதுமக்களின் பொன்னான இரண்டு நிமிடங்களை மிச்சப்படுத்தியது.

“ஜனங்களுக்கு எங்கய்யா பொறுமை? என்னால இந்தக் கூட்டத்துலயே உக்கார முடியல” என்றார் தலைவர்.

அக்கா கண்ணாடி அறைக்கே வந்துவிட்டாள்.

“ஏன்டா, மூச்சு பத்தலன்னு எந்தக் குதிரை உன்கிட்ட வந்து சொல்லுச்சு?”

“பொதுவான போக்குக்கா. விஞ்ஞானம்.”

“இந்தத் தடவ ஜெயிக்கலன்னா முதலாளி நிதானத்த வண்டி இழுக்க வித்துடுவார்டா.”

“முன்னேற்றம்னா நாலு பேருக்குக் கஷ்டம் இருக்கத்தான் செய்யும்” என்றேன். அந்த நாலு பேரில் நான் இல்லை.

கோப்பை நாளன்று எழுபத்திரண்டு வினாடிகளில் எல்லாம் முடிந்தது. ஒரு முறைகூட இருமாமல் முழங்கினேன். எனக்கு நானே கைதட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ‘நிதானம்’ கடைசி. மற்றவை வெற்றிக்கம்பத்தைத் தாண்டி நின்றுவிட, ஜாக்கி கடிவாளத்தை இழுக்க இழுக்க, அது மட்டும் அத்தனையையும் முந்திக்கொண்டு இன்னொரு சுற்று ஓடிவிட்டு வந்தது. கையிலிருந்த மைக்கை அணைத்து வைத்தேன். வெட்கமாக இருந்தது.

இறங்கி லாயத்துக்குப் போனேன். என் அறிக்கைக்கு ஆதாரம் சேர்ப்பதற்காக, கிளப்பின் கால்நடை மருத்துவர் படிவத்தோடு ஒவ்வொரு குதிரையாகச் சோதித்துக்கொண்டிருந்தார். ‘நிதான’த்தின் விலாவிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இவன் இன்னும் ரெண்டு சுத்து ஓடுவான். ‘மூச்சுத்திறன் இழந்தோர்’னு ஒரு கட்டம் போட்டு அனுப்பியிருக்கீங்க. நான் யார் பேரத்தான் எழுதறது?”

அக்கா குதிரையின் கழுத்தைத் தடவியபடியே, மாடிப்படி இறங்கி வந்ததற்கே மூச்சிரைத்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தாள்.

“என் தம்பி பேர எழுதிக்கோங்க டாக்டர். ஆனா வண்டியில பூட்டறது மட்டும் குதிரையத்தான்.”