விசில்காரர் வெட்டிய குண்டுமல்லி

பெரம்பலூரில் எங்கள் தெருவில் விசில்காரர் கத்திரி படாத பூச்செடி கிடையாது. வெட்டச் சொல்லி அவரைக் கூப்பிட்டவரும் கிடையாது.

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேர் என்னவோ இருக்கும், யாரும் கேட்டதில்லை. வேலையை விட்டவர் விசிலைக் கழுத்திலிருந்து விடவில்லை. கையில் ஒரு கவாத்துக் கத்திரி வாங்கிக்கொண்டார். கேட் திறந்திருந்தால் உள்ளே வந்துவிடுவார். பூட்டியிருந்தால் சுவருக்கு மேலே கையை நீட்டி வெட்டுவார்.

வெட்டும்போது செடியோடு பேசுவார். வெளியே நீட்டிய செம்பருத்திக் கிளையிடம், "படியில தொங்காத, உள்ள வா." உரசிக்கொண்டு நிற்கும் ரோஜாக் குச்சிகளிடம், "ஒரு சீட்டுல எத்தன பேரு? நீ எறங்கு." காய்ந்த குச்சிக்கு மட்டும் மரியாதை. "பெரியவரே, ஸ்டாப்பிங் வந்துருச்சு." முடித்ததும் ரெண்டு விசில். செடி கிளம்பிவிட்டதாம்.

பல செடிகள் கிளம்பின. எதிர்வீட்டு இட்லிப்பூ கிளம்பவே இல்லை. இன்னும் குச்சியாக நிற்கிறது.

எங்கள் வீட்டில் தண்ணீர்த்தொட்டிப் பக்கம் ஒரு குண்டுமல்லி, புதராக நின்றது. அந்தக் கார்த்திகையில் மகளுக்கு வளைகாப்பு போட்டு அழைத்து வந்திருந்தோம். முன்னே ஒன்று தங்கவில்லை. என் மனைவி முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"புள்ளத்தாச்சி இருக்குற வூட்டுல செடிகொடி மேல கத்தி படக் கூடாது. முருங்கக்கீரகூட ஒடிக்காதீங்க."

ஒடிக்கவில்லை. விசில்காரர் அப்போது மகன் ஊரில் இருந்தார். அதனால் பயமில்லை.

நான் அரியலூரில் சிமெண்டு ஏற்றுகிற லாரிக்காரன். ஒருநாள் காலையில் லோடு இறக்கிவிட்டு வந்தேன். வாசலெல்லாம் தழை. குண்டுமல்லி முழங்கால் உயரத்துக்கு நின்றது. ஓர் இலை இல்லை. ஊரிலிருந்து வந்த விசில்காரர் பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேராக இங்கே வந்திருந்தார். விசில் வாயில் இருந்தது. எதிரே என் மனைவி.

"ஊதிப் பாருங்கண்ணே," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"மார்கழி பொறக்கப்போவுது தங்கச்சி. இப்ப வெட்டலன்னா பங்குனிக்கு எப்புடி..."

உள்ளேயிருந்து மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். விசில் அவர் வாயிலிருந்து தானாக விழுந்தது.

அன்றிலிருந்து காலையில் நானும் என் மனைவியும் தனித்தனியாகப் போய் அந்த மொட்டைக் குச்சியைப் பார்ப்போம். பார்க்காத மாதிரி திரும்புவோம். "செடி வேற, நான் வேறம்மா" என்றாள் மகள். சொல்லிவிட்டு அவளும் ஜன்னல் வழியே பார்த்தாள்.

விசில்காரர் கத்திரியைக் கொண்டுபோய்ச் சிறுவாச்சூர் காளி கோயிலில் வைத்துவிட்டு வந்தார். கோயில் ஆள் பின்னாலேயே ஓடிவந்து கொடுத்திருக்கிறார். மறு வாரமும் வைத்தார். மறு வாரமும் திரும்பி வந்தது. கடைசியில் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு எங்கள் கேட்டுக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். தினமும். என் மனைவி தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

"துளிர் வந்துருச்சா மாப்ள?" என்பார் என்னிடம்.

"இல்ல."

"வந்துரும்."

"எதிர்வூட்டு இட்லிப்பூ?"

கத்திரியைச் சுற்றிய துணியை அவிழ்த்து மறுபடி சுற்றினார்.

தை பிறந்தது. குச்சி குச்சியாகவே இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மகளுக்கு வலி வந்துவிட்டது. நான் அரியலூரில் இருந்தேன். தெருவில் இருந்த ஆட்டோ எல்லாம் சிறுவாச்சூர் கோயிலுக்கு வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. என் மனைவி மகளைத் தாங்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். கல்லில் ஆள் இல்லை. அவர் நடுரோட்டில் நின்றிருந்தார். வந்த டவுன் பஸ்ஸை ஒரே விசிலில் நிறுத்தினார்.

"யோவ், நீ யாருய்யா?" என்றானாம் பஸ் கண்டக்டர்.

"ஒனக்கு சீனியர். முன் சீட்டக் காலி பண்ணு. ஆஸ்பத்திரி வரைக்கும் ஸ்டாப்பிங் கெடையாது."

நடுவில் இறங்க வேண்டிய ஒருவர் முனகியிருக்கிறார். "நீங்க பொறக்கயில யாராச்சும் நடுவழியில எறங்குனாங்களா? உக்காருங்க," என்றாராம் இவர். மகள் ஒரு கையில் அம்மாவையும் மறு கையில் அவர் விசில் கயிற்றையும் பிடித்துக்கொண்டே போயிருக்கிறாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது பேத்தி பிறந்திருந்தாள். இருவரும் நலம். விசில்காரர் வராந்தாவில் நின்றார். உள்ளே வரவில்லை.

வீட்டுக்கு அழைத்து வந்த அன்று தொட்டிப் பக்கம் போனேன். குச்சியின் கணுக்களில் பச்சை தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவி முன்னமே பார்த்திருந்தாள்.

பங்குனியில் குண்டுமல்லி பூத்தது. அப்போதும் அவர் கல்லில்தான் இருந்தார். கேட்டைத் தாண்டவில்லை. என் மனைவி பூப்பறித்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணே, அன்னிக்கு வெட்டுனதுக்கு நீங்க இன்னும் ஊதல."

"புள்ள தூங்குமே தங்கச்சி."

"முழிச்சுதான் இருக்கு. உள்ள வந்து ஊதுங்க."

ரெண்டு விசில். பேத்தி வீறிட்டு அழுதாள். என் மனைவி திட்டவில்லை.

இப்போது நான் லோடுக்குப் போகும்போது கேட்டைப் பூட்டுவதில்லை.