மூக்குச் சக்கரம்

இந்தப் போகிக்கு ஒட்டடைக் கம்பைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்திருந்தேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக நான்தான் வீட்டுக்கு ஒட்டடை அடிக்கிறேன். இன்னும் ஒரு வருஷம் அடித்தால் எனக்கே எட்டுக்கால் முளைத்துவிடும்.

தவிர, இந்த வருஷம் என்னிடம் ஜெட் இருந்தது. பிளாஸ்டிக் போர் விமானம். முந்நூற்றுப் பன்னிரண்டு துண்டுகளை ஒட்டி, பெயிண்ட் அடித்து, நாமே செய்துகொள்ள வேண்டும். “நீயாவது, ஜெட் செய்யறதாவது” என்று ஆபீசில் சிவசங்கர் சிரித்தான். பொங்கல் முடிந்ததும் உன் மேஜையில் இறக்கிக் காட்டுகிறேன் என்று எல்லார் முன்னாலும் சவால் விட்டு, லீவு போட்டுவிட்டு வந்தேன்.

“இன்னாங்க, ஒட்டடை?” என்றாள் என் மனைவி ராதிகா.

“பெயிண்ட் அடிச்சிக்கினு இருக்கேன்.”

“அப்ப நாளைக்கு?”

“நாளைக்கு ரெண்டாவது கோட்டு.”

கம்பை மூலையில் சாத்திவிட்டுப் போய்விட்டாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

மறுநாள் இறக்கை, வால் எல்லாம் பொருந்தின. பைலட் பொம்மையின் ஹெல்மெட்டுக்குச் சிவப்படித்துத் தாளில் காய வைத்தேன். எலவனாசூர்கோட்டையிலிருந்து மாமியார் வந்து கரும்பு கொடுத்துவிட்டுப் போனார். அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்து பார்க்கிறேன், மூக்குச் சக்கரத்தைக் காணோம். அது இல்லாவிட்டால் ஜெட் குப்புற விழுந்து சிவசங்கரைக் கும்பிடும்.

“ராதிகா! சக்கரத்தப் பாத்தியா? கறுப்பா, மிளகாட்டம்!”

“மிளகு முழுசா, பொடிச்சதா?”

“முழுசு!”

“ஃபேன் ஓடிக்கினு இருந்திச்சே. காத்துல பரண் மேல போயிருக்கும்.”

சக்கரம் பரணுக்குப் பறக்குமா என்று யோசிக்கப் பொறுமையில்லை. ஏறினேன். அண்டா, கொசுவலை, உடைந்த தொட்டில் எல்லாவற்றையும் இறக்கினேன்.

“தொடச்சிட்டுப் பாருங்க. தூசியில எங்க தெரியும்?”

நியாயம். துடைத்தேன்.

“மூலையில ஒட்டடையில மாட்டிக்கினு இருக்கப் போவுது” என்று கம்பை நீட்டினாள். இருந்த பதற்றத்தில் வாங்கிக்கொண்டேன். நான்கு அறை. பதினாறு மூலை.

“பீரோவுக்கு அடியில?”

நகர்த்தினேன். பெருக்கினேன்.

“தண்ணி ஊத்திக் கழுவுங்க. பிளாஸ்டிக்குதானே, தானா மெதந்து வந்துடும்.”

கழுவினேன். வீடு பளபளத்தது. சக்கரம் மட்டும் மிதக்கவில்லை. முதுகு வலி ஒரு பக்கம், சிவசங்கரின் சிரிப்பு ஒரு பக்கம். அழுகையே வந்துவிட்டது.

“இதுவா பாருங்க” என்று ராதிகா அஞ்சறைப் பெட்டியை நீட்டினாள். மிளகுக்கு நடுவில் என் சக்கரம்.

“இது எப்படி இங்க வந்திச்சு?”

“காத்துலதான்.”

சண்டை போடக்கூட நேரமில்லை. சக்கரத்தை ஒட்டினேன். ஜெட் மூன்று காலில் கம்பீரமாக நின்றது. பைலட்டை உட்கார வைத்தால் முடிந்தது. திரும்பினேன். தாள் இருந்தது. பைலட் இல்லை.

“ராதிகா! பைலட்டு?”

“எங்கம்மா பையில வுழுந்திருக்கும்” என்றாள், பளபளத்த வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு. “எலவனாசூர்கோட்டைக்கு ஒரு எட்டு போய்ட்டு வந்துடுங்க. ஒட்டடைக் கம்ப மறக்காம எடுத்துக்கினு போங்க.”